மூன்று பெயர்கள் கொண்ட ஒரு மாத்திரை: இந்தியாவில் ஈ.பி. மருந்தின் வரலாறு

1970களிலும் 1980களின் பெரும்பகுதியிலும் இந்திய மருந்துக் கடைகளில் 'ஈ.பி. ஃபோர்ட்' என்ற பெயரிலும் அதையொத்த வேறு சில வணிகப் பெயர்களிலும் ஒரு மருந்து எளிதாகக் கிடைத்துவந்தது. ஈ என்பது ஈஸ்ட்ரோஜன். பி என்பது புரோஜெஸ்டிரோன். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு மருத்துவர் அதை எழுதிக் கொடுத்தார். மருத்துவரிடம் போக இயலாதவளுக்கு, அல்லது போக விரும்பாதவளுக்கு, கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். சில நாள்களில் உதிரப்போக்கு ஏற்பட்டால் அவள் கருவுறவில்லை என்று பொருள். ஏற்படாவிட்டால் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள்.

இந்த ஒரே மருந்துக்கு மூன்று பெயர்கள் வழங்கின. மருத்துவர் அதைக் கருச் சோதனை என்றார். உறையும் விளம்பரத் துண்டறிக்கையும் 'இரண்டாம்நிலை மாதவிலக்கின்மைக்கான சிகிச்சை' என்றன. வாங்கிய பெண்ணுக்கோ அது மாதவிலக்கை வரவைக்கும் மாத்திரை. பல வேளைகளில் கருவைக் கலைக்கும் மாத்திரை. மூன்று பெயர்களில் எதுவும், அது கருவுற்ற பெண்ணின் உடலுக்குள் செலுத்தப்படும் ஒரு மருந்து என்ற செய்தியைச் சொல்லவில்லை. இம்மருந்தை இந்தியச் சந்தையிலிருந்து விலக்குவதற்கு நடந்த நெடும் போராட்டம் மருந்தியல் வரலாற்றின் ஒரு பகுதியாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதைப் பெயரிடுதலின் வரலாறாகவும் படிக்க இடமுண்டு. ஒரு பொருளை மருந்து என்று அழைக்காதபோது அதன் தீங்கை எடைபோடும் பொறுப்பு யாரிடமும் தங்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சோதனையின் தருக்கம்

இச்சோதனை இயங்கிய முறை எளியது. கருவுறாத பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்து நிறுத்தினால், கருப்பையின் உட்படலம் தன் ஆதரவை இழந்து உதிரும். கருவுற்றவளிடமோ கருவே அந்த ஆதரவைத் தொடர்ந்து தருவதால் உதிரப்போக்கு நிகழாது. உதிரப்போக்கு இன்மையே கருவுற்றமைக்குச் சான்று.

ஐரோப்பாவில் இவ்வகை மருந்துகள் 1950களிலேயே புழக்கத்துக்கு வந்தன. ஜெர்மனியில் டுவோகைனான் என்றும் பிரிட்டனில் பிரைமோடோஸ் என்றும் விற்கப்பட்ட மருந்து அவற்றுள் பெயர்பெற்றது. பிரைமோடோஸ் மாத்திரை ஒன்றில் 10 மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன் அசிடேட்டும் 0.02 மில்லிகிராம் எதினைல் எஸ்ட்ராடியாலும் இருந்தன. இன்றைய கருத்தடை மாத்திரையில் நோரெதிஸ்டிரோன் இடம்பெற்றால் அதன் அளவு பொதுவாக 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ ஆகும்.

ஒரு சோதனை என்ற முறையில் இதன் விந்தை கவனத்துக்குரியது. மற்றெந்தக் கருச் சோதனையும் பெண்ணின் உடலிலிருந்து எதையோ எடுத்து வெளியே ஆராய்கிறது. 1920களின் பிற்பகுதியில் பெர்லினில் அஷ்ஹைமும் சோண்டெக்கும் உருவாக்கிய சோதனையில் பெண்ணின் சிறுநீர் சுண்டெலிக்குச் செலுத்தப்பட்டது. 1930களில் பரவிய ஹாக்பென் சோதனையில் அது ஆப்பிரிக்கத் தவளைக்குச் செலுத்தப்பட்டது. 1960-இல் ஸ்வீடனின் வைடும் கெம்செல்லும் விலங்கே தேவைப்படாத நோயெதிர்ப்புவழிச் சிறுநீர்ச் சோதனையை வெளியிட்டனர். ஈ.பி. வகைச் சோதனையில் மட்டுமே சோதனைக் குழாயின் இடத்தில் பெண்ணின் உடல் இருந்தது. 1960க்குப் பின்னர், பாதுகாப்பான மாற்று இல்லை என்ற நியாயமும் இதற்குப் படிப்படியாக இல்லாமற்போயிற்று.

கருவின் நாள்காட்டி

இச்சோதனை எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதே அதன் ஆபத்தின் மையம். கருத்தரித்த முதல் இரண்டு வாரங்களில் வெளிப்பொருளின் தாக்கம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக முடியும் என்று கருவியல் கூறுகிறது: கரு அழியும், அல்லது சேதத்தைச் சரிசெய்துகொண்டு வளரும். உறுப்புகள் உருவாகும் காலம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி எட்டாம் வாரம் வரை நீள்கிறது. நான்காம் வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள், பின்னர் மூளையும் தண்டுவடமுமாக மாறவிருக்கும் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது.

இந்த நாள்காட்டியைப் பெண்ணின் நாள்காட்டியோடு பொருத்திப் பார்க்கலாம். 28 நாள் சுழற்சி உடையவளுக்குக் கருத்தரித்த 14ஆம் நாளையொட்டி அடுத்த மாதவிலக்கு வரவேண்டும். வரவில்லை. ஒரு வாரம் பொறுக்கிறாள். கரு 21ஆம் நாளில் இருக்கிறது. இன்னொரு வாரம் பொறுத்து மருந்துக் கடைக்குப் போகிறாள். கரு 28ஆம் நாளில் இருக்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போன பிறகே தேவைப்படும் சோதனை அது. ஆதலால் உறுப்புகள் உருவாகும் காலத்திலன்றி வேறெப்போதும் கருவுற்றவளுக்குக் கொடுக்கப்பட வாய்ப்பில்லை. கருவுறாத பெண்ணுக்குச் சோதனையால் பெரிய தீங்கில்லை. கருவுற்றவளுக்கே, அதுவும் மிகக் கூர்மையான நாள்களிலேயே, அது ஒரு வெளிப்பாடாக அமைந்தது.

நஞ்சுக்கொடி ஒரு கோட்டை மதில் என்ற நம்பிக்கை அப்போதே தகர்ந்திருந்தது. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லா கண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் பிறவிக் கண்புரையைக் கண்டறிந்தார். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 நவம்பரில் திரும்பப்பெறப்பட்ட தாலிடோமைடு, உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உறுப்புகளைக் குறைத்தது என மதிப்பிடப்படுகிறது. அதுவும் தீங்கற்ற தூக்க மருந்து என்றும் குமட்டலுக்கு நல்லது என்றும் பெயர்பெற்றதே. தாலிடோமைடின் பாடத்தைக் கற்ற உலகம், கருவுற்ற பெண்ணுக்கு ஹார்மோன் கொடுத்துச் சோதிப்பதை அதற்குப் பின்னும் நிறுத்தவில்லை. சோதனை என்ற சொல் அங்கே ஒரு திரையாக நின்றது. மருந்தைக் குறித்துக் கேட்கவேண்டிய வினாக்களைச் சோதனையைக் குறித்து எவரும் கேட்பதில்லை.

1967-இல் அந்தத் திரையை விலக்கியவர் இங்கிலாந்தில் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் பணியாற்றிய இசபெல் கால். முதுகுத்தண்டுக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடையே ஹார்மோன் கருச் சோதனை செய்துகொண்டவர்கள் கூடுதலாக இருப்பதை அவரும் உடனாய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் சுட்டிக்காட்டினர். நார்வேயும் ஸ்வீடனும் 1970களின் தொடக்கத்திலேயே இப்பயன்பாட்டை விலக்கின. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1975-இல்தான் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. 1978-இல் பிரைமோடோஸ் அங்கே சந்தையிலிருந்து நீங்கியது. இந்தியாவில் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் இன்னும் பத்தாண்டுகள் நிலைத்தன. ஏன் என்ற வினாவுக்குத் தொழில்துறையின் செல்வாக்கு ஒரு விடை. இந்தியப் பெண்களின் அன்றாட மொழிக்குள் அம்மருந்து கண்டுகொண்ட இடம் மற்றொரு விடை.

நாள் தள்ளுதல், நாள் ஏறுதல், குளி தவறுதல்

தமிழில் 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்பது மாதவிலக்குத் தாமதத்தையும் குறிக்கும், கருவுற்றதையும் குறிக்கும். 'முழுகாமலிருக்கிறாள்' என்றால் கருவுற்றிருக்கிறாள் என்றே பொருள். சொல்லளவில் அது தீட்டுக் கழிந்த தலைமுழுக்கு நிகழவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. மலையாளத்தில் 'குளி தெற்றி' என்பதும் இதே வழியில் அமைந்தது. இந்தியில் 'தின் சட்னா', அதாவது நாள் ஏறுதல், இவ்விரண்டு பொருளுக்கும் இடையே உலவுகிறது. இவற்றை வெறும் இடக்கரடக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. கருவுற்றாளா இல்லையா என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாத சில வாரங்களை இம்மொழிகள் ஒரு தனி நிலையாகவே வைத்திருந்தன. அந்த நிலையில் இருக்கும் பெண் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. எதற்கும் விளக்கம் சொல்லவும் வேண்டியதில்லை.

மரபு மருத்துவமும் அந்த இடைவெளியை அறிந்திருந்தது. சித்த மருத்துவக் குணபாடத்தில் 'ருதுவுண்டாக்கி' என்பது ஒரு மருந்துவகை. தாமதித்த மாதவிலக்கை வரவைப்பது அதன் செய்கை. எதனால் தாமதித்தது என்று அப்பெயர் வினவுவதில்லை. எள்ளும் வெல்லமும், பப்பாளிக்காயும் வீட்டு வழக்கில் ஏற்ற இடம் அதுவே. ஐரோப்பிய மருத்துவ நூல்களிலும் மாதவிலக்கைத் தூண்டும் மூலிகைகளுக்குத் தனி வகை நெடுங்காலம் இருந்தது. அங்கும் அச்சொல், கருக்கலைப்பைச் சொல்லாமலே அதற்கு இடமளித்தது.

ஈ.பி. மாத்திரை இந்தியாவில் நுழைந்தபோது இந்த ஆயத்தமான இடத்தில்தான் அமர்ந்தது. மருத்துவர் 'சோதனை' என்று கொடுத்ததைப் பெண் ருதுவுண்டாக்கியாகவே பெற்றுக்கொண்டாள். உதிரம் வந்தபோது அது சோதனையின் முடிவு என்று அவளுக்குத் தோன்றவில்லை. மருந்து வேலை செய்தது என்றே தோன்றியது. அண்டை வீட்டுப் பெண்ணுக்கும் அதையே சொன்னாள். கருவுறாதவள் ஒவ்வொருத்தியின் அனுபவமும் அம்மருந்து கருவைக் கலைக்கும் என்ற பொய்யான நம்பிக்கைக்கு ஒரு சாட்சியமாகச் சேர்ந்தது.

உண்மையில் அம்மருந்து கருவைக் கலைப்பதற்கு நம்பத்தக்கதன்று. 1971-இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பாதுகாப்பான வழியைத் திறந்தது. எனினும் அவ்வழி மருத்துவமனையையும் படிவத்தையும் மருத்துவரின் ஒப்புதலையும் கடந்து செல்வது. மருந்துக் கடையோ தெருமுனையில் இருந்தது. கலைப்பதற்கென்று மாத்திரையை விழுங்கி, கலையாமற்போய், அச்சத்தோடோ தயக்கத்தோடோ கருவைச் சுமந்த பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை. அவர்களுடைய குழந்தைகளே இம்மருந்துக்கு முழுமையாக ஆட்பட்டவர்கள்.

தடையின் ஆறு ஆண்டுகள்

1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் மருந்துகளைக் குறித்த ஒரு புதிய பொதுவிவாதம் உருவாகியிருந்தது. 1975-இல் வெளிவந்த ஹாத்தி குழு அறிக்கை மருந்துத் தொழிலை மக்கள் தேவையின் கோணத்திலிருந்து நோக்கியது. மெடிகோ ஃபிரெண்ட் சர்க்கிள், இந்தியத் தன்னார்வ நலவாழ்வுச் சங்கம், அகில இந்திய மருந்துச் செயல் வலையமைப்பு ஆகியவை தேவையற்ற, தீங்கான மருந்துகளைப் பட்டியலிட்டு விளக்கின. மருத்துவர் மீரா சிவா போன்றோர் ஈ.பி. மருந்தை அந்த விவாதத்தின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தனர். பெண்கள் அமைப்புகள் அதில் இணைந்தன. 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவியல் குழுவும் கருச் சோதனைக்காக ஹார்மோன் கொடுப்பதை ஏற்கவில்லை.

1982-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் அதிக அளவு ஈ.பி. மருந்துகளை நிறுத்துமாறு ஆணையிட்டார். தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றங்களை அணுகி இடைக்காலத் தடை பெற்றனர். சந்தையில் உள்ள ஒரு மருந்தைத் தடைசெய்ய நடுவணரசுக்குத் தெளிவான அதிகாரம் அதுவரை சட்டத்தில் இல்லை என்பது ஒரு பெருங்குறை. 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டத்தில் 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே 26ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மனிதருக்கு இடர் விளைவிக்கும் மருந்தையும், சொல்லப்படும் சிகிச்சைப் பயன் இல்லாத மருந்தையும் பொதுநலன் கருதித் தடைசெய்யலாம் என்று அப்பிரிவு வகைசெய்தது.

கேரளத்தைச் சேர்ந்த வழக்குரைஞர் வின்சென்ட் பணிக்குலங்கரா தீங்கான மருந்துகளைத் தடைசெய்யக் கோரி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்திருந்தார். 1987 மார்ச்சில் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா வழங்கிய தீர்ப்பு, மக்களின் உடல்நலத்தைப் பேணுவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்று அரசமைப்பின் 21, 47 ஆகிய பிரிவுகளின் அடிப்படையில் வலியுறுத்தியது. உச்ச நீதிமன்ற நடவடிக்கைகளின் தொடர்ச்சியாக ஈ.பி. மருந்து குறித்துப் பொது விசாரணை நடைபெற்றது. ஒரு மருந்தின் பாதுகாப்பை அலுவலகக் கோப்புக்கு வெளியே, மருத்துவர்களும் தயாரிப்பாளர்களும் பெண்கள் அமைப்புகளும் எதிரெதிரே நின்று விவாதித்த அரிய நிகழ்வு அது.

அவ்விவாதத்தின் மொழியே தனி ஆய்வுக்குரியது. மருந்தை ஆதரித்தவர்கள் சோதனை என்ற பெயரைக் கைவிட்டனர். உலகமே அப்பயன்பாட்டை விலக்கிவிட்ட நிலையில் அதைக் காப்பாற்ற முடியாது. அவர்கள் பற்றிக்கொண்டது உறையில் இருந்த பெயரை: இரண்டாம்நிலை மாதவிலக்கின்மைக்கு இம்மருந்து தேவை, தவறாகப் பயன்படுத்துவோர்மேல்தான் குற்றம். எதிர்த்தவர்களின் வாதம் அந்தப் பெயரையே குறிவைத்தது. இனப்பெருக்க வயதுப் பெண்ணிடம் மாதவிலக்கு நின்றுபோவதற்கு மிகப் பரவலான காரணம் கருவுறுதலே. ஆகவே மாதவிலக்கின்மைக்கான மருந்து என்று உறையில் எழுதுவது, கருவுற்றவள் கையில் அதைக் கொண்டுசேர்ப்பதற்கான முகவரியை எழுதுவதற்கு ஒப்பாகும். 'கருவுற்றிருந்தால் உட்கொள்ளாதீர்' என்ற எச்சரிக்கை இங்கே தன்னைத்தானே தோற்கடித்தது. கருவுற்றிருக்கிறாளா என்று தெரியாதவளே அம்மருந்தை நாடினாள். அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் அச்சாகும் நாட்டில் அதைப் படிக்கும் வாய்ப்பும் அவளுக்கு இல்லை.

1988 ஜூனில் தடை அரசிதழில் வெளியானது. 1989 ஆகஸ்ட்டில் அதன் சொற்கள் திருத்தப்பட்டன. திருத்திய வாசகம் எந்தப் பெயரையும் நம்பவில்லை. வாய்வழிக் கருத்தடை மாத்திரை நீங்கலாக, மாத்திரை ஒன்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஈஸ்ட்ரோஜனும் 3 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புரோஜெஸ்டினும் கொண்ட கூட்டுமருந்துகளும், இவ்விரண்டும் கலந்த செயற்கை ஹார்மோன் ஊசிமருந்துகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன. சோதனை, சிகிச்சை, மாதவிலக்கு ஆகிய எந்தச் சொல்லும் அதில் இல்லை. பெயர் மாறினாலும் பொருள் தப்பக்கூடாது என்பதற்காகவே சட்டம் எண்களை நாடியது என்று கொள்ளலாம்.

ஆயினும் எண்களுக்கு இடையே ஒரு சொல் எஞ்சியது. '50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஈஸ்ட்ரோஜனும் 3 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புரோஜெஸ்டினும்' என்பதிலுள்ள உம்மை, இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறவேண்டும் என்று பொருள்படுமா, இரண்டில் ஒன்று மிகுந்தாலே போதுமா? சொல்லுக்குச் சொல் படித்தால் முதற்பொருளே கிடைக்கிறது. அப்படிப் படித்தால், மாத்திரைக்கு 20 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜனும் 10 மில்லிகிராம் புரோஜெஸ்டினும் கொண்ட பிரைமோடோஸின் கலவைகூட இத்தடையின் எல்லைக்கு வெளியே நின்றுவிடும். நோரெதிஸ்டிரோன் மட்டும் தனித்துள்ள மாத்திரைகளும் இத்தடைக்குள் வரவில்லை. திருமணம், திருவிழா, யாத்திரை ஆகியவற்றுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட இன்றும் அவை பரவலாக வாங்கப்படுகின்றன.

நினைவும் வினாவும்

இம்மருந்து பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கியதா என்ற வினா இன்னும் முழுமையாக அடங்கவில்லை. பிரிட்டனின் வல்லுநர் குழு 2017-இல், கிடைத்துள்ள சான்றுகள் காரணத் தொடர்பை நிறுவப் போதா என்றது. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்து மறுமதிப்பீடு செய்து, தொடர்பு உண்டு என்று முடிவுகண்டனர். 2020 ஜூலையில் வெளியான கம்பர்லெஜ் அறிக்கை இந்த முட்டுச்சந்திலிருந்து வேறு வழியில் வெளியேறியது. காரணத் தொடர்பைத் தீர்ப்பது தன் பணியன்று. ஆனால் 1967-இல் ஐயம் எழுந்தபோதே, பாதுகாப்பான மாற்றுச் சோதனை இருந்த நிலையில், இது கருச் சோதனையாகப் பயன்படுவதை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. பிரிட்டன் அரசு மன்னிப்புக் கோரியது. எனினும் இழப்பீடு கோரிய வழக்குகளை 2023-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தொடர அனுமதிக்கவில்லை.

அந்த அறிக்கையின் தருக்கம் இந்தியப் போராட்டக்காரர்கள் 1980களில் முன்வைத்த தருக்கத்துக்கு நெருக்கமானது. ஒரு மருந்தின் இடரை அதன் பயனோடு சேர்த்தே எடைபோடவேண்டும். உயிர்காக்கும் மருந்துக்குச் சிறிது ஐயம் இருந்தாலும் பொறுக்கலாம். வலிப்புநோய்க்குத் தரப்படும் வால்புரோயேட் கருவுக்குத் தீங்கு செய்யும் என்று நிறுவப்பட்ட பின்னரும், மாற்று மருந்து பயனளிக்காத நோயாளியிடம் கவனமாகவே முடிவெடுக்கவேண்டியிருக்கிறது. தாயின் நோயைக் கட்டுப்படுத்தாமல் விடுவதும் கருவுக்கு ஆபத்தே. ஈ.பி. சோதனையின் தட்டில் அப்படி எந்தப் பயனும் இல்லை. சிறுநீர்த் துளி சொல்லிவிடும் செய்தியை அது சொன்னது, அவ்வளவே. பயன் பூச்சியமாகும்போது, மறுதட்டில் வைக்கும் ஐயம் எவ்வளவு சிறிதாயினும் தராசு அந்தப் பக்கமே சாயும்.

சான்றுகள் ஏன் இவ்வளவு மங்கலாக உள்ளன என்பதற்கும் பெயரிடுதலோடு தொடர்புண்டு. குறைபாட்டுடன் குழந்தை பிறந்தபின் தாயிடம், 'கருவுற்ற தொடக்கத்தில் ஏதேனும் மருந்து உட்கொண்டீர்களா?' என்று வினவுவதே இவ்வகை ஆய்வுகளின் வழக்கமான முறை. குறைபாடுள்ள குழந்தையின் தாய் மற்றவர்களைவிட ஆழமாக நினைவுகூர்வாள் என்பதால் அவள் விடை மிகைப்பட்டிருக்கலாம் என்று புள்ளியியலாளர் எச்சரிப்பர். அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் பிழை எதிர்த்திசையிலும் நேரலாம் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவள் உட்கொண்டது அவள் மொழியில் மருந்தே அன்று. மருத்துவரின் சொல்லில் அது சோதனை. அவளுடைய சொல்லில் அது நாள் வருவதற்கான மாத்திரை. அதை உட்கொண்டபோது அவள் தன் கணக்கில் கருவுற்றிருக்கவும் இல்லை, நாள்தான் தள்ளிப்போயிருந்தது. 'கருவுற்றபோது', 'மருந்து' என்ற இரண்டு சொற்களும் அவளுடைய அனுபவத்தின் மேல் படியாமலே வழுக்கிச் செல்கின்றன. 'இல்லை' என்று அவள் நேர்மையாகவே விடையளிப்பாள். கலைப்பதற்கென்று உட்கொண்டவளோ அறிந்தும் 'இல்லை' என்றே சொல்லக்கூடும். பிறவிக் குறைபாடுகளுக்கான நாடளாவிய பதிவேடும், கடையில் வாங்கிய மருந்துக்கான சீட்டும் இல்லாத சூழலில், அந்த 'இல்லை' ஆய்வின் அட்டவணையில் வெளிப்பாடு அற்றவள் என்று பதிவாகிறது.

இது முடிந்துபோன கதையன்று. ஹரியானாவில் பிறவிக் குறைபாடுகளை ஆராய்ந்தவர்கள், கருவுற்ற முதல் மாதங்களில் ஆண்குழந்தை வேண்டி உட்கொள்ளப்படும் நாட்டு மருந்துகளுக்கும் அக்குறைபாடுகளுக்கும் தொடர்பைக் கண்டு, 2010களின் நடுவில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அம்மருந்துகள் சிலவற்றில் ஹார்மோன் இயல்புடைய பொருள்களும் காணப்பட்டன. அவற்றை உட்கொள்ளும் குடும்பங்களில் அவை பிரசாதம் போலவோ மூலிகை போலவோ கருதப்படுகின்றன. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கவனம் பெரிதும் வருடிக் கருவியின்மேலேயே இருக்கிறது. கருக்கலைப்பு மாத்திரைகளின் நிலையும் கருதத்தக்கது. 2015-இல் இந்தியாவில் நிகழ்ந்த சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகளில் ஏறத்தாழ 73 விழுக்காடு மருத்துவமனைகளுக்கு வெளியே மாத்திரையால் நிகழ்ந்தவை என்று 2018-இல் வெளியான மதிப்பீடு கூறியது. முறையாக உட்கொண்டால் இம்மாத்திரைகள் பாதுகாப்பானவை, பயனுள்ளவை; ஈ.பி.யோடு அவற்றை ஒப்பிடுவது தவறாகும். ஆனால் அளவு தெரியாமல் அரைகுறையாக உட்கொண்டு, கலையாமற்போன கருவைத் தொடரும்போது, அவற்றுள் ஒன்றான மிசோப்ரோஸ்டால் கருவுக்குத் தீங்கு விளைவிக்கலாம் என்பது அறியப்பட்ட உண்மை. அங்கும் கடைக்காரரிடம் பெண் சொல்லக்கூடிய சொற்கள் 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்பவையே.

ஈ.பி. மருந்து அளிப்பதாகச் சொன்ன உறுதியை இன்று ஒரு காகிதப் பட்டை சில நிமிடங்களில் அளிக்கிறது. ஊரகச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் ஆஷா பணியாளர்கள் வீடுகளுக்கு எடுத்துச்செல்லும் கருச் சோதனைப் பட்டைக்கு 'நிஷ்சய்' என்று பெயர். தமிழில் நிச்சயம் என்று நாம் வழங்கும் அதே வடசொல். மொழிகள் பெயரிட்டுக் காத்துவந்த ஐயமான வாரங்களை அப்பட்டை பெருமளவு குறைத்துவிட்டது. ஆனால் பட்டை கைக்கு வரும் முன்னர் அந்த வாரங்களில் நிகழ்ந்தவற்றை அறிய, ஆய்வாளரும் மருத்துவரும் தம் வினாவை மாற்றிக்கொள்ளவேண்டியிருக்கிறது. 'கருவுற்றபோது மருந்து உட்கொண்டீர்களா?' என்பதற்கு இல்லை என்று விடைவரும் இடத்தில், 'நாள் தள்ளிப்போனபோது என்ன சாப்பிட்டீர்கள், யார் கொடுத்தார்கள், எதற்கென்று சொன்னார்கள்?' என்பதற்கு வேறொரு விடை கிடைக்கலாம். குற்றம் சுமத்தாத குரலில், அவளுடைய சொற்களிலேயே அவ்வினா கேட்கப்படவேண்டும். அப்போதுதான் அவள் விடை பதிவேட்டில் உண்மையாக இடம்பெறும்.